பனியன் துணி டாப்ஸில் கழுத்து அலையாமல் படிய என்ன செய்ய வேண்டும்?

பனியன் துணியில் வீட்டிலேயே தைக்கும் டாப்ஸில் உடம்பும் கையும் ஒழுங்காக வந்துவிடுகின்றன. கழுத்து மட்டும் அலை அலையாக விரிந்துவிடுகிறது, சில வேளை கழுத்துப் பட்டி (கழுத்து விளிம்பில் இரண்டாக மடித்துத் தைக்கும் துண்டு) படியாமல் எழும்பி நிற்கிறது. துணி விளிம்பை வெட்டிக்கொண்டே சுற்றித் தைக்கும் ஓவர்லாக் இயந்திரம் இல்லாமல் சாதாரணத் தையல் இயந்திரத்திலேயே இதைச் சரியாக முடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஓவர்லாக் இருந்தால் வேலை விரைவாக முடியும் என்பது உண்மைதான், ஆனால் கழுத்து படிவதும் படியாததும் அதனால் தீர்மானமாவதில்லை. பட்டியை எவ்வளவு நீளத்துக்கு வெட்டுகிறோம், தைக்கும்போது இரண்டு துணிகளில் எதை இழுக்கிறோம் என்ற இரண்டில்தான் பெரும்பாலும் எல்லாம் அடங்கியிருக்கிறது. அதிலும் முதலாவதையே நான் முக்கியமாகக் கருதுவதால், இந்தப் பதிலில் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் உங்கள் டாப்ஸில் இருப்பது எந்தக் கோளாறு என்று பிரித்துப் பாருங்கள். டாப்பை மேசைமேல் தட்டையாக விரித்து வையுங்கள். பட்டிக்குக் கீழே உடம்புத் துணி நெளிந்து அலையாக இருந்து, பட்டி மட்டும் ஒழுங்காக இருந்தால், தைக்கும்போது உடம்புத் துணி இழுபட்டு நீண்டுவிட்டது என்று பொருள். பட்டியின் வெளி மடிப்பு தளர்ந்து, உடுத்தும்போது கழுத்தை விட்டு விலகி நின்றால், பட்டியின் நீளம் அதிகம். தையலை ஒட்டி உடம்புத் துணியில் சின்னச் சின்னச் சுருக்கங்கள் கதிர் கதிராகக் கிளம்பினால், பட்டி நீளம் போதவில்லை. மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு என்பதால், இதைப் பார்க்காமல் இயந்திரத்தின் டென்ஷனை, அதாவது நூலின் இறுக்கத்தை, திருகிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

கழுத்து ஏன் இவ்வளவு எளிதில் நீண்டுவிடுகிறது என்றால், பனியன் துணி நூலைப் பாவும் ஊடுமாக நெய்து வருவதல்ல. ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணியாகக் கோத்து வருவது. இழுத்தால் கண்ணிகள் உருமாறி இடம் கொடுக்கின்றன. கழுத்து வளைவை வெட்டும்போது நேர்வாக்கு, குறுக்குவாக்கு, மூலைவாக்கு ஆகிய மூன்றும் ஒரே விளிம்பில் வந்துவிடுகின்றன. மூலைவாக்காக வரும் பகுதி, அதாவது முன்கழுத்தின் இரண்டு பக்க வளைவுகள், கையில் தூக்கினாலே நீளும். ஆகவே வெட்டிய துணியைக் கழுத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள், கொடியில் தொங்கவிடாதீர்கள். தைக்கும் நேரம் வரும்வரை மேசைமேல் தட்டையாகவே இருக்கட்டும். துணியை வெட்டுவதற்கு முன்பே, பிறகு எப்படித் துவைப்பீர்களோ அப்படியே ஒருமுறை துவைத்துக் காயவைத்துவிடுவதும் அவசியம். பருத்திப் பனியன் துணி முதல் துவைப்பில் சுருங்கும். பட்டித் துணி ஒருவிதமாகவும் உடம்புத் துணி வேறுவிதமாகவும் சுருங்கினால், எவ்வளவு கவனமாகத் தைத்த கழுத்தும் முதல் துவைப்பிலேயே கெட்டுவிடும்.

பட்டிக்கு எந்தத் துணி என்பது அடுத்த கேள்வி. துணியைக் குறுக்குவாக்கில் மடித்து, மடிப்பில் 10 செ.மீ. அளவுக்கு இரண்டு குண்டூசிகளைக் குத்தி, அளவுகோலின் மேல் வைத்து இழுத்துப் பாருங்கள். சிரமமில்லாமல் 15 செ.மீ. வரை வந்தால் 50 சதவீதம் நீளும் துணி. பட்டிக்கு அது தாராளம். ஆனால் நீள்வதைவிட, விட்டவுடன் திரும்பி வருவதுதான் பட்டிக்கு உயிர். இழுத்து விட்ட துணி 10 செ.மீ.க்கே திரும்பாமல் 10.5 செ.மீ.யில் நின்றுவிட்டால், அதில் பட்டி வைக்கவே வேண்டாம்; சில முறை உடுத்தியதும் தொங்கிவிடும். ஸ்பான்டெக்ஸ் (ரப்பர்போல நீண்டு சுருங்கும் இழை) கலந்த ரிப் துணி (வரிவரியாகப் பின்னியது) நன்றாகத் திரும்பும். உடம்புக்கு எடுத்த துணியிலேயே ஸ்பான்டெக்ஸ் கலந்திருந்தால் பட்டிக்கும் அதுவே போதும். நிறம் பொருந்துமா என்ற கவலையும் இல்லை. பட்டியை, அதிகம் நீளும் திசை பட்டியின் நீளவாக்கில் வரும்படி வெட்ட வேண்டும். நெய்த துணியில் ரவிக்கை, சுடிதார் தைத்துப் பழகியவர்கள் இங்கேயும் மூலைவாக்கில் கிராஸ் பீஸ் வெட்டிவிடுகிறார்கள். பனியன் துணிக்குக் கிராஸ் தேவையில்லை. நேர்க்குறுக்கில் வெட்டிய துண்டே நன்றாக நீளும்.

இனி நீளம். “கழுத்துச் சுற்றளவில் 85 சதவீதம்” என்ற கணக்கைப் பலரும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது தவறல்ல, ஆனால் எந்த அகலமுள்ள பட்டிக்கு, எந்தத் துணிக்கு என்று சொல்லாமல் அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் பாதிக் கழுத்துகளைக் கெடுக்கிறது. காரணத்தைப் புரிந்துகொண்டால் எண்ணை நீங்களே கண்டுபிடிக்கலாம். பட்டியின் ஒரு விளிம்பு கழுத்துத் தையலோடு சேர்கிறது. மறுவிளிம்பாகிய மடிப்பு, அதைவிடச் சிறிய வட்டத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. வட்டத்தின் ஆரம் பட்டியின் அகலம் அளவுக்குக் குறைவதால், சுற்றளவு அந்த அகலத்தைப் போல ஏறக்குறைய 6.28 மடங்கு குறைகிறது. தைத்து முடித்தபின் 2 செ.மீ. அகலம் தெரியும் பட்டி என்றால், மேசைமேல் தட்டையாக இருக்கும் கழுத்தில் மடிப்பின் சுற்றளவு தையல் கோட்டைவிட 12.5 செ.மீ. குறைவாக இருக்க வேண்டும். பட்டியின் இயல்பான நீளம் இதைவிட அதிகமாக இருந்தால், மிஞ்சும் துணி போக இடமில்லாமல் எழும்பி நிற்கிறது.

உடம்பில் கழுத்து தட்டையாக இருப்பதில்லை, தோளிலிருந்து கழுத்தை நோக்கி ஏறுகிறது என்பதால், முழு 12.5 செ.மீ.யையும் குறைக்க வேண்டியதில்லை. அதில் முக்கால் பங்கு அளவுக்குக் குறைத்துத் தொடங்குவது என் வழக்கம். கழுத்துத் தையல் கோடு 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 2 செ.மீ. பட்டிக்கு ஏறக்குறைய 9 செ.மீ. குறைத்தால் 51 செ.மீ.; எல்லாரும் சொல்லும் 85 சதவீதம் இதுதான். அதே கழுத்துக்கு 1 செ.மீ. பட்டி வைத்தால் 4.5 முதல் 5 செ.மீ. குறைத்தாலே போதும், அங்கேயும் 85 சதவீதம் என்று வெட்டினால் சுருக்கம் விழும். 3 செ.மீ. பட்டி என்றால் 14 செ.மீ. குறைக்க வேண்டும், அங்கே 85 சதவீதம் வைத்தால் பட்டி எழும்பி நிற்கும். நன்றாகத் திரும்பும் துணிக்கு இந்தக் கணக்கில் கிடைப்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். சற்றுத் தளர்வான துணிக்கு இன்னும் 1 அல்லது 2 செ.மீ. குறையுங்கள். அகலமான பட்டிக்குத் துணி அதிகம் நீள வேண்டியிருப்பதால், நீட்சி குறைந்த துணியில் அகலப் பட்டி வைக்க ஆசைப்படக் கூடாது.

இந்தக் கணக்குக்கு அளக்க வேண்டியது வெட்டு விளிம்பையல்ல, தையல் கோட்டை. இதில் நேரும் பிழை சிறியதல்ல. தையலுக்கு 0.75 செ.மீ. விட்டிருந்தால், தையல் கோடு வெட்டு விளிம்பைவிட ஏறக்குறைய 4.7 செ.மீ. நீளமாக இருக்கும். துணி வெட்ட மாதிரியாக வைக்கும் பேட்டர்ன் தாளிலேயே முன்பாதியிலும் பின்பாதியிலும் தையல் கோட்டை வரைந்து, அளவு நாடாவைப் படுக்கவைக்காமல் அதன் விளிம்பில் நிறுத்தி, வளைவை ஒட்டி அளந்து, இரட்டிப்பாக்குங்கள். தோள் தையலுக்குள் போகும் அளவைக் கழித்துவிடுங்கள். வெட்டிய துணியை அளந்தால், அதுவரை நீண்டிருப்பதையும் சேர்த்து அளப்பீர்கள்.

கிடைத்த நீளம் தலைக்குள் நுழையுமா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பெரியவர்களின் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 54 முதல் 60 செ.மீ.க்குள் இருக்கும். வெட்டிய பட்டித் துண்டை மடித்துப் பிடித்து அந்த அளவுக்கு இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். குழந்தைகளுக்கு உடம்பை நோக்கத் தலை பெரிது. அவர்களின் உடையில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

பட்டியின் வெட்டு அகலம், தெரிய வேண்டிய அகலத்தைப் போல இரண்டு மடங்கும், இரு விளிம்புகளிலும் தையலுக்கு விடும் அளவும் சேர்ந்தது. 2 செ.மீ. பட்டிக்கு 0.75 செ.மீ. விட்டால் வெட்டு அகலம் 5.5 செ.மீ. ஆகும். நீளத்தில், இரு முனைகளையும் இணைப்பதற்கு 1.5 செ.மீ. கூட்ட வேண்டும், மேலே சொன்ன 51 செ.மீ. என்பது 52.5 ஆகும். முனைகளை இணைத்து, தையலை விரித்து அழுத்தி, நீளவாக்கில் மடித்து, இஸ்திரிப் பெட்டியால் ஒருமுறை ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் பட்டி நீண்டு, போட்ட கணக்கெல்லாம் வீணாகும். இணைப்புத் தையல் பின்கழுத்தின் நடுவில் வரலாம். இடத் தோள் தையலுக்குச் சற்றுப் பின்னால் வைத்தால் இன்னும் கண்ணில் படாது.

பட்டியை நான்காகப் பிரித்து அடையாளம் வைப்பது எல்லாருக்கும் தெரியும். கழுத்தையும் நான்காகப் பிரிக்கும்போது தோள் தையல்களைக் கால்பங்குப் புள்ளிகளாக எடுத்துக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. முன்கழுத்து பின்கழுத்தைவிட இறக்கமானது. ஆகவே உண்மையான கால்பங்குப் புள்ளி தோளுக்குச் சற்று முன்னால் விழும். முன்நடுவையும் பின்நடுவையும் சேர்த்துப் பிடித்தால் இரு பக்கமும் மடிப்பு விழும் இடமே சரியான புள்ளி. இப்படி இழுப்பைச் சமமாகப் பகிர்ந்தாலே கழுத்து ஏற்கத்தக்கதாக வந்துவிடும். இன்னும் நேர்த்தி வேண்டுமென்றால், பின்கழுத்தின் நடுவில் ஏறக்குறைய நேராக இருக்கும் பகுதியில் பட்டியைச் சற்றுக் குறைவாகவும், முன்கழுத்தின் பக்க வளைவுகளில் சற்றுக் கூடுதலாகவும் இழுத்துத் தையுங்கள். வளைவில்தான் உள்வட்டம் அதிகம் சுருங்குகிறது. பட்டியின் இழுப்பு அங்கேதான் தேவை.

தோளின் இரண்டு தையல்களையும் பட்டி வைப்பதற்கு முன்பே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். தோள் நீண்டால் கழுத்தும் விரியும். உடம்புத் துணியில் நீளவாக்கில் வெட்டிய, நீளாத ஒரு மெல்லிய துண்டையோ, கண்ணாடிபோலத் தெரியும் ஒல்லியான எலாஸ்டிக்கையோ இழுக்காமல் தோள் தையலோடு சேர்த்துத் தைத்துவிட்டால் போதும்.

தைக்கும்போது பட்டி மேலேயும் உடம்புத் துணி கீழேயும் இருக்கட்டும். துணியை நகர்த்தும் இயந்திரத்தின் பல் கீழ்த்துணியைச் சற்று அதிகமாக உள்ளே தள்ளும் இயல்புடையது. உடம்புத் துணி நீளாமல் இருக்க அந்த இயல்பே உங்களுக்கு உதவி செய்யும். இரண்டு அடையாளங்களுக்கு இடையே பட்டியை மட்டும், உடம்புத் துணியின் நீளத்துக்கு வரும்வரை இழுங்கள். அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூட வேண்டாம். உடம்புத் துணி கையின் எந்த இழுப்பும் இல்லாமல் மேசைமேல் தளர்ந்து கிடக்க வேண்டும். முழு டாப்பும் மேசை விளிம்பிலிருந்து மடியில் தொங்கிக்கொண்டிருந்தால் அதன் எடையே கழுத்தை இழுக்கும். துணியை அமுக்கிப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைக்கும் திருகு உங்கள் இயந்திரத்தில் இருந்தால் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். அலை விழுவதில் பாதி அதிலேயே அடங்கிவிடும்.

ஊசி கட்டாயமாகப் பனியன் துணிக்கான உருண்டை முனை ஊசியாக இருக்க வேண்டும். மெல்லிய துணிக்கு 75 அல்லது 80, தடித்த துணிக்கு 90. கூர்முனை ஊசி கண்ணியை அறுத்துவிடும். அந்த ஓட்டை அன்றைக்குத் தெரியாமல் சில துவைப்புகளுக்குப் பிறகு பெரிதாகும். ஸ்பான்டெக்ஸ் அதிகமுள்ள துணியில் தையல் விட்டுவிட்டு விழுந்தால், ஸ்ட்ரெட்ச் ஊசி என்று தனியாகக் கிடைப்பதைப் போடுங்கள். நூல் பாலியெஸ்டர், பருத்தி நூல் இழுப்பைத் தாங்காது.

இணைப்புத் தையலுக்கு 0.5 முதல் 1 மி.மீ. அகலமும் 2.5 மி.மீ. நீளமும் உள்ள ஜிக்ஜாக் போதும். அதற்கு வெளியே, தையலுக்கு விட்ட பகுதியில், 3 மி.மீ. அகல ஜிக்ஜாக் ஒன்றை ஓட்டி, மிஞ்சும் துணியை வெட்டிவிட்டால் ஓவர்லாக் செய்யும் வேலை முடிந்தது. பனியன் துணியின் வெட்டு விளிம்பு நெய்த துணிபோல நூல் நூலாகப் பிரிந்து வருவதில்லை. அந்த இரண்டாவது வரிசை மூன்று அடுக்குகளையும் தட்டையாகப் பிடித்து வைப்பதற்குத்தான். ஜிக்ஜாக் இல்லாத, நேர்த்தையல் மட்டும் போடும் இயந்திரம் வைத்திருப்பவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. தலை நுழையும்போது நீள வேண்டியது பட்டியின் மடிப்பு. அங்கே தையலே இல்லை. தையல் கோட்டின் சுற்றளவு தலைச் சுற்றளவைவிட 2, 3 செ.மீ. கூடுதலாக இருந்தால், மேல்நூல் டென்ஷனைச் சற்றுத் தளர்த்தி, 2 முதல் 2.5 மி.மீ. நீளத்தில் நேர்த்தையல் போட்டாலே அறுபடாமல் நிற்கும். கழுத்து அதைவிடச் சிறியதென்றால் மட்டும் ஜிக்ஜாக் தவிர்க்க முடியாதது.

இறுதித் தையலுக்கு முன் கையால் ஓடு தையல் ஒன்று போட்டு உடுத்திப் பாருங்கள் என்பது என் வற்புறுத்தலான வேண்டுகோள். கால் மணி நேரம்கூட ஆகாது. பட்டி எழும்பி நின்றால் பிரித்து, பட்டியின் இணைப்பை 1 செ.மீ. உள்ளே தள்ளித் தைத்து மீண்டும் வையுங்கள். பனியன் துணியில் ஜிக்ஜாக்கைப் பிரிப்பது துணியையே கெடுக்கும். ஓடு தையலை உருவுவது ஒரு நொடி வேலை.

தைத்து முடித்ததும் கழுத்தைப் பார்த்து ஏமாற்றம் அடைந்துவிடாதீர்கள். ஊசியிலிருந்து வந்த கையோடு எல்லாக் கழுத்தும் கொஞ்சம் நெளிந்துதான் இருக்கும். தையலுக்கு விட்ட துணியைக் கீழ்நோக்கி, உடம்புப் பக்கம் மடக்கி, நீராவி இஸ்திரியைத் துணியில் படாமல் சற்று மேலே பிடித்து ஆவியை இறக்குங்கள். பிறகு உள்ளங்கையால் தட்டிப் படியவைத்து, ஆறும்வரை தொடாமல் விடுங்கள். கண்ணிகள் பழைய நிலைக்குத் திரும்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

மேல்தையல் இருந்தால்தான் கடையில் வாங்கிய தோற்றம் வரும். தையல் விளிம்பு மேலே புரளாமலும் இருக்கும். பட்டித் தையலிலிருந்து 2 மி.மீ. தள்ளி, உடம்புத் துணியின் மேல் இது விழ வேண்டும். இரட்டை ஊசி இதற்கு மிகப் பொருத்தம். உறையில் 4.0/75 என்றிருந்தால் இரண்டு ஊசிகளுக்கும் இடைவெளி 4 மி.மீ., ஊசி எண் 75. மேலே இரண்டு வரிசை நேராகவும், அடியில் பாபின் நூல் ஜிக்ஜாக்காகவும் விழுவதால் நீட்சியும் கிடைக்கும். ஜிக்ஜாக் வசதியுள்ள இயந்திரத்தில் மட்டுமே இதைப் போடலாம். ஒற்றைத் துளைத் தகட்டில் போட்டால் ஊசி உடைந்து தெறிக்கும். இரண்டு வரிசைக்கும் நடுவில் துணி வரப்புபோல எழும்பினால் மேல்நூல் டென்ஷனைக் குறைத்துத் தையல் நீளத்தை 3 மி.மீ. ஆக்குங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் ரிவர்ஸ் போடாமல், நூல்களை உட்பக்கம் இழுத்து முடிச்சிட்டால் சுத்தமாக இருக்கும்.

பட்டிக்குப் பதிலாக விளிம்பைப் பைப்பிங்போலச் சுற்றிக் கட்டுவது மெல்லிய, வழுக்கும் துணிக்கு அழகு. அதற்குக் கழுத்தில் தையலுக்கு விடக் கூடாது. துண்டு கழுத்து விளிம்பைவிட 5 முதல் 10 சதவீதம் குறைவாக இருந்தால் போதும், ஏனென்றால் அது உள்வட்டத்துக்கு நீள்வதில்லை, விளிம்பின்மேலேயே உட்காருகிறது. விளிம்பை வெறுமனே உள்ளே மடித்து அடிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. கழுத்தின் வெட்டு விளிம்பு சிறிய வட்டம். மடித்தால் அது பெரிய வட்டத்தில் போய் உட்கார வேண்டும், ஆகவே நீண்டே தீரும். படகு வடிவில் அகன்ற, வளைவு குறைந்த கழுத்துக்கு மட்டும், 6 முதல் 8 மி.மீ. அளவில் மடித்து, சூட்டில் ஒட்டும் நீட்சியுள்ள நாடா வைத்துத் தைத்தால் ஒப்புக்கொள்ளலாம். நெய்த துணிபோலத் தனியாக உள்முகப்பு (விளிம்பின் உட்பக்கம் மடங்கும் துண்டு) வெட்டி வைப்பது பனியன் துணியில் உடுத்தும்போதெல்லாம் வெளியே புரளும்.

வி-கழுத்து தனிக் கலை. முன்பக்கத்தின் இரண்டு சாய்கோடுகளும் ஏறக்குறைய நேரானவை. அங்கே பட்டியை அநேகமாக இழுக்கவே கூடாது. குறைக்க வேண்டிய நீளம் முழுவதையும் பின்கழுத்து வளைவிலேயே குறையுங்கள். வி-யின் முனையில் நகம் அளவுக்கு மெல்லிய ஒட்டுத் துணியை உட்பக்கம் ஒட்டி, முனையின் இரு பக்கமும் 3 செ.மீ. தூரத்துக்குத் தையல் கோட்டின் மேலேயே 1.5 மி.மீ. நீளத்தில் நேர்த்தையல் போட்டு, அதன் பிறகே முனையை நோக்கி வெட்டுங்கள். வெட்டு தையலுக்கு 1 மி.மீ. முன்பே நிற்க வேண்டும். வெட்டத் தயங்கி முன்னதாகவே நிறுத்தினால் முனையில் ஒரு சுருக்கம் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

ஏற்கெனவே தைத்துக் கெட்டுப்போன டாப்ஸைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உடம்புத் துணி நீண்டு அலை விழுந்தவற்றை முதலில் ஒருமுறை துவைத்து, தட்டையாகக் காயவைத்து, ஆவி கொடுத்துப் பாருங்கள்; பருத்தித் துணியில் பாதிக்கு மேல் இதிலேயே சரியாகும். சரியாகாவிட்டால் பட்டியைத் தையலோடு சேர்த்து வெட்டி எடுத்துவிட்டு, நீண்டுபோன விளிம்பில் இன்னும் 1 செ.மீ. சுற்றிலும் வெட்டி, பேட்டர்னை அதற்கேற்பத் திருத்தி, புதிய தையல் கோட்டை அளந்து புதிய பட்டி போடுங்கள். கழுத்து முன்பைவிடச் சற்று அகலமாகும். அதற்கு ஈடாகப் பட்டியை அரை செ.மீ. அகலமாக வைத்தால் அந்த வித்தியாசமும் பெரிதாகத் தெரியாது. பட்டி மட்டும் நீளமாகி எழும்பி நிற்பவற்றுக்கு இவ்வளவு வேலை வேண்டாம்: பின்கழுத்தில் இணைப்பின் இரு பக்கமும் 6, 7 செ.மீ. வரை பிரித்து, இணைப்பை உள்ளே தள்ளித் தைத்து, அந்தப் பகுதியை மட்டும் இழுத்துத் திரும்ப இணைத்தால் 2 செ.மீ. வரை குறைத்துவிடலாம்.